பாதிச் சவரம்

நெட்டை மாஸ்டருக்குக் கழுத்தெலும்பு உடைந்தது ஒரு புதன்கிழமை காலையில், கையில் இருபத்தெட்டுத் துவாலைகளோடு. முப்பத்தைந்து வருடம் ஊரார் கழுத்தில் கத்தி வைத்துப் பிழைத்த மனிதர். தன் கழுத்தை உடைத்துக்கொள்ள அவருக்குக் கிடைத்தது துவாலை மூட்டைதான், போங்கள். சலூன் துவாலைகளை வீட்டு மொட்டை மாடியில் காயவைத்து, மடித்து, மோவாய் முட்டும் வரை அடுக்கிக்கொண்டு படி இறங்கினார். அடுக்கில் படி மறைந்துவிட்டது. கடைசி எட்டுப் படிகளையும் கால் வைக்காமலே இறங்கி முடித்துவிட்டார்.

அதற்கப்புறம் அவருக்கு நினைவிருப்பது இரண்டே இரண்டுதான். ஒன்று, மூக்கடியில் சோப்பு வாசனை. இன்னொன்று, இரு காதோரமும் தலையை அழுத்திப் பிடித்திருந்த இரண்டு கைகள். சுற்றிலும் கூட்டம் கூடி ஆளுக்கொரு யோசனை சொன்னது. தூக்கி உட்காரவை என்றார்கள், தண்ணீர் கொடு என்றார்கள். அந்தக் கைகள் மட்டும் அசையவுமில்லை, அசைய விடவுமில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் கையாக இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"இரண்டாவது கழுத்தெலும்பு உடைஞ்சிருக்கு" என்றார் டாக்டர். "ஆபரேஷன் வேண்டாம், பன்னிரண்டு வாரம் காலர் போட்டா ஒட்டிடும். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் யாரோ உங்க தலையை அசையாமப் பிடிச்சிட்டு இருந்திருக்காங்க. அந்த ஆளுக்கு நீங்க கும்பிடு போடணும். இல்லைன்னா இந்தக் கை கால் உங்க பேச்சைக் கேட்டிருக்காது."

யார் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. வழியோடு போன யாரோ ஒருவர். அடுத்து வந்த நர்ஸ் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். யாருமில்லை என்றார். அவசரத்துக்குக் கூப்பிட ஒரு பெயர் வேண்டுமே என்றாள். சற்று யோசித்துவிட்டு, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடச் சொன்னார்.

பெயர் இல்லாமல் இல்லை. இருந்தது, சொல்ல வாய் வரவில்லை. அது ஏன் என்று சொல்வதற்குச் சலூனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சலூனில் இரண்டே நாற்காலிகள். சன்னலோர நாற்காலி நெட்டை மாஸ்டருடையது. உள் நாற்காலி குட்டை மாஸ்டருடையது. குட்டை மாஸ்டர் வேறு யாருமில்லை, இவருடைய மனைவியின் தம்பி, மச்சினன். இருவரும் கூட்டாகத்தான் கடை நடத்துகிறார்கள். ஒருவர் கத்திரிச் சத்தம் மற்றவர் காதில் விழும் நெருக்கத்தில் நாள் முழுக்க நிற்கிறார்கள். ஆனால் ஒன்பது வருடமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. சொல்லியே ஆகவேண்டிய சங்கதியைக் கண்ணாடியிடம் சொல்வார்கள். "பிளேடு தீர்ந்துபோச்சு" என்று இவர் தன் முன்னாலிருக்கும் கண்ணாடியைப் பார்த்துச் சொல்வார். மறுநாள் பிளேடு வந்துவிடும். "குழாய் ஒழுகுது" என்று அவன் தன் கண்ணாடியிடம் சொல்வான். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் புது ஆள் தன்னிடம்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, "அப்படியா?" என்று கேட்டுவைப்பான். பழைய ஆட்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள்.

ஒரே ஒரு வழக்கம் மட்டும் விட்டுப்போகவில்லை. மாதத்தின் முதல் திங்கள் கடைக்கு விடுமுறை. அன்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருவரும் ஒருவருக்கொருவர் முடி வெட்டிக்கொள்வார்கள். பேச்சு இருந்த காலத்தில் தொடங்கியது, பேச்சு நின்ற பிறகும் நடந்தது. வேறொருத்தன் கையில் தலையைக் கொடுக்க இருவருக்குமே மனம் ஒப்பவில்லை. மூத்தவர் என்று இவர் முதலில் உட்காருவார். பின்மண்டையில் இரண்டு விரல் பட்டால் குனிய வேண்டும். மோவாயில் பட்டால் நிமிர வேண்டும். முடிந்ததும் இவர் எழுந்து அவனுக்கு வெட்டுவார். அப்புறம் ஷட்டரை ஏற்றிவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். வேடிக்கையான மனிதர்கள்தான். பேசக்கூடாத அளவுக்குக் கோபம், ஆனால் காதோரம் கத்தி வைக்கக் கொடுக்கிற அளவுக்கு நம்பிக்கை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூன்றாம் நாள், தேறிவருகிறாள் என்று சொன்னதால் இவர் கடையைத் திறந்தார். தம்பி அக்காவின் பக்கத்தில் இருந்தான். பகல் பதினோரு மணிக்குப் போன் வந்தது, உடனே வரச்சொல்லி. அப்போது நாற்காலியில் ஒரு வெளியூர் ஆள். வலது கன்னம் வழித்தாகிவிட்டது, இடது கன்னம் முழுக்க நுரை. பாதி முகத்தோடு ஒரு மனிதனை எழுப்பி வெளியே அனுப்பலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. கத்தி பிடித்த நாளாய் எந்த முகத்தையும் பாதியில் விட்டதில்லை. அந்த அவசரத்திலும் ஒரு கீறல் விழாமல் இடது கன்னத்தை முடித்தார். படிகாரம் தேய்த்து, துடைத்து, அனுப்பிவிட்டுத்தான் ஓடினார். எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும். அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் போய் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று மச்சினன் கேட்டான். பஸ் கிடைக்கவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த மனிதருக்கு அதற்குக்கூட சாமர்த்தியம் இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"பாதி முகம் காத்திருக்காதா மாமா?" என்றான் அவன். "அக்கா வாசலையே பார்த்திட்டிருந்தா."

அதுதான் அவன் இவரிடம் நேராகப் பேசிய கடைசிப் பேச்சு.

ஆக, கழுத்து உடைந்து வீட்டுக்கு வந்த மனிதருக்குத் துணை என்று இருந்தது அந்தக் காலர்தான். மோவாய்க்குக் கீழே தொடங்கி மார்பு வரை இறங்குகிற கெட்டிப் பிளாஸ்டிக். தூங்கும்போதும் கழற்றக்கூடாது. வாரம் இரண்டு தடவை நர்ஸ் வந்து, இவரை மல்லாக்கப் படுக்கவைத்து, காலரைத் திறந்து, பஞ்சு மாற்றி, மறுபடி பூட்டிவிட்டுப் போவாள். பக்கவாட்டில் பார்க்க வேண்டுமென்றால் பீரோவைத் திருப்புவது போல உடம்பையே திருப்ப வேண்டும். கீழே பார்ப்பது என்பது இல்லவே இல்லை. தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். முடி வெட்டி முடித்ததும் பின்மண்டையைக் காட்டுவதற்காக வைத்திருக்கும் கைக்கண்ணாடி ஒன்று வீட்டில் இருந்தது. அதை இடது கையில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் சாப்பிட்டார். கண்ணாடிக்குள் கை எதிர்ப்பக்கமாகப் போகும், முதல் வாரம் பாதிச் சாப்பாடு சட்டைக்குத்தான்.

தாடி வளர்ந்து காலருக்குள் போய் அரித்தது. சொறிய முடியாது. ஆயிரமாயிரம் பேருக்கு வழித்துவிட்ட கை சும்மா மடியில் கிடந்தது. தலைமுடி காதை மூடிப் பின்னால் காலரின் மேல் புரண்டது. முதல் திங்கள் ஒன்று போயிற்று, இரண்டாவது போயிற்று, மூன்றாவதும் போயிற்று.

மச்சினன் வரவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை, எலும்பு வலியை அல்ல. சலூன் அதே தெருவின் கோடியில் இருக்கிறது. காலையில் ஷட்டர் ஏறும் சத்தம் இவர் படுக்கைக்குக் கேட்கும். ஒன்பது மணிக்கு ஏறும், எட்டரைக்கு இறங்கும். அதை வைத்துத்தான் அவர் நாளைத் தொடங்கினார், முடித்தார். செத்தோமா இருக்கிறோமா என்று எட்டிப் பார்க்கக்கூட ஆள் இல்லையே என்று சில நாள் வாய்விட்டே சொன்னார். பதில் சொல்ல அறையில் யாருமில்லை. மாலையில் எப்போதாவது படியில் காலடி ஏறி வந்து, கதவருகே நின்று, திரும்பி இறங்கும். எதிர்வீட்டுக்காரர் சாவியை மறந்திருப்பார் என்று விட்டுவிடுவார்.

இன்னொரு கவலை உள்ளே அரித்தது. சன்னலோர நாற்காலியில் இப்போது யார் நிற்கிறார்கள்? மூன்று மாதம் ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டுவைக்க எந்தக் கடையாலும் முடியாது. வேறு ஆள் போட்டிருப்பான். போட்டிருந்தால் தப்பும் இல்லை. அந்த நாற்காலியும் போய்விட்டால், நாள் முழுக்கப் பேசாமல் பக்கத்தில் நிற்கிற அந்த ஒரு மனிதனும் போய்விடுவான். அப்புறம் இந்த உலகத்தில் அவருக்கு என்ன இருக்கிறது? யோசித்துப் பார்த்தால் ஒன்றுமில்லை.

பன்னிரண்டாவது வாரம் காலரைக் கழற்றினார்கள். எலும்பு நன்றாக ஒட்டிவிட்டது என்றார் டாக்டர். பயிற்சி சொல்லித்தரும் பெண் இடப்பக்கம் பார்க்கச் சொன்னாள், கொஞ்சம் பார்த்தார். வலப்பக்கம் பார்க்கச் சொன்னாள், அதையும் பார்த்தார். மோவாயை நெஞ்சுக்குக் கொண்டுவரச் சொன்னதும் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. குனிந்தால் தலை கழன்று மடியில் விழுந்துவிடும் என்றே தோன்றியது.

"எலும்புல ஒண்ணும் இல்லை, உங்களுக்குப் பயம்தான்" என்றாள் அவள். "அந்தக் கைக்கண்ணாடியை முதல்ல தூக்கி உள்ள வைங்க. குனிஞ்சு பாருங்க. குனியாம நீங்க என்ன வேலைக்குப் போவீங்க?"

நியாயமான கேள்வி. குனியாத நாவிதர் யாருக்கு வேண்டும்? ஆயுள் முழுக்க நாற்காலிக்காரர்களிடம் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை "தலையைக் குனிங்க" என்று சொன்னவருக்கு, அது இவ்வளவு பெரிய காரியம் என்று இப்போதுதான் தெரிந்தது. கைக்கண்ணாடியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். ஆனால் குனியவில்லை. தட்டை இரண்டு டப்பாக்களின் மேல் தூக்கி வைத்துச் சாப்பிட்டார். படியைக் காலால் தடவி எண்ணி இறங்கினார், மொத்தம் முப்பத்தாறு. வாசலில் கிடக்கும் ஷூவில் நாடா கிடையாது, நின்றபடியே காலை நுழைத்துக்கொள்வார். பயிற்சிப் பெண் சொன்னதில் பாதியைத்தான் கேட்டார்.

தெருவில் நடந்தார், ஆனால் சலூன் பக்கம் போகவில்லை. அது இருந்த கோடிக்கு எதிர்த்திசையில் போய்த் திரும்பி வந்தார். பத்து நாள் கழித்துத் தைலம் தீர்ந்துபோக, மருந்துக் கடைக்குப் போக வேண்டி வந்தது. மருந்துக் கடை சலூனுக்கு நேர் எதிரே இருக்கிறது. சலூன் பக்கம் பார்க்காமல் உள்ளே நுழைந்துவிட்டார். கழுத்து திரும்பாததில் அந்த ஒரு சௌகரியம் இருந்தது.

மருந்துக் கடைக்காரர் மச்சினனின் வாடிக்கை, புதன்தோறும் சவரம். இவரைப் பார்த்ததும் தைலத்தை எடுக்காமல் பேச ஆரம்பித்துவிட்டார்.

"உங்களால அன்னிக்கு என் மானம் போச்சு மாஸ்டர்" என்றார். "பாதி ஷேவிங்ல இருக்கேன், கூரியர்காரன் ஒருத்தன் ஓடிவந்து உயரமா ஒரு ஆள் படியில விழுந்து கெடக்கறார்னு சொன்னான். அவ்வளவுதான், உங்க மச்சினன் பறந்துட்டான். கையில கத்தியோட! நான் இந்தப் பக்கம் வழிச்ச கன்னம், இந்தப் பக்கம் நுரை, துணியைப் போத்திட்டு உட்கார்ந்திருக்கேன். முக்கால் மணி நேரம் ஆச்சு, ஆளைக் காணோம். நுரை காஞ்சு முகம் இழுக்குது."

"எங்க போனான்?" என்று கேட்டார் மாஸ்டர்.

"எங்க போவான்? ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் உங்க தலையைப் பிடிச்சிட்டுத் தரையில முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தானாமே. பக்கத்துல ஒருத்தனை அண்டவிடலையாம். ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வந்துட்டு, உங்களுக்குக் கால் விரல் ஆடுதுன்னு தெரிஞ்ச பிறகுதான் திரும்பினானாம். உங்ககிட்ட சொல்லலையா அவன்?"

"நீங்க என்ன பண்ணினீங்க?" என்று கேட்டார் மாஸ்டர்.

"என்ன பண்றது? முகத்தைக் கழுவிட்டுப் பாதி முகத்தோட வந்து கடையில உட்கார்ந்தேன். வந்தவங்கல்லாம் சிரிச்சாங்க. அவ்வளவுதானே, முடிதானே மாஸ்டர்? மறுநாள் வழிச்சுக்கிட்டேன்."

தைலத்தை வாங்கினாரா இல்லையா என்று அவருக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். சிரித்தார்களாம், அவ்வளவுதானாம். ஒன்பது வருடமாக மனதுக்குள் எத்தனையோ தடவை அந்த வெளியூர் ஆளைப் பாதி முகத்தோடு எழுப்பிப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும், அது எப்படி முடியும், முடியாது என்றுதான் தீர்த்துக்கொண்டார். அந்தத் தீர்ப்பில்தான் இத்தனை நாள் தூங்கினார். முடியும் என்று இப்போது தெரிந்துவிட்டது. எழுந்து ஓடியிருக்கலாம், அவளும் வாசலில் அவரைப் பார்த்திருப்பாள். அழுகை வந்தது. அழுவதற்குக்கூடத் தலை குனியவில்லை, நிமிர்ந்தபடியே அழுதார்.

நான்கு நாள் கழித்து முதல் திங்கள். போவதா வேண்டாமா என்று காலையெல்லாம் அறைக்குள் நடந்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். ஷட்டர் முழுக்க மூடியிருந்தால் தனக்கு அங்கே இடம் இல்லை, பேசாமல் திரும்பிவிட வேண்டியது. பாதி திறந்திருந்தால் உள்ளே போகலாம்.

ஷட்டர் பாதி திறந்திருந்தது.

ஆனால் பாதி திறந்த ஷட்டருக்குள் நுழையக் குனிய வேண்டுமே! அதை அவர் யோசிக்கவில்லை. நெட்டை மனிதர் அப்படியே வாசலில் நின்றார். தட்டவும் தோன்றவில்லை, கூப்பிடவும் வாய் வரவில்லை. உள்ளேயிருந்து பார்த்தால் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் ஷட்டர் கடகடவென்று முழுக்க மேலே ஏறியது.

மச்சினன் நின்றுகொண்டிருந்தான். அவன் முடி காதுக்குக் கீழே தொங்கியது, பின்னால் சட்டைக் காலரில் புரண்டது. மூன்று மாதமாக அவனும் யாரிடமும் தலையைக் கொடுக்கவில்லை. சன்னலோர நாற்காலியின் மேல் ஒரு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. அவன் அதை எடுத்து உதறி மடித்தான். நாற்காலியில் ஒரு பொட்டுத் தூசியில்லை.

மாஸ்டர் உட்கார்ந்தார். மச்சினன் அவர் கழுத்தைச் சுற்றித் துணி கட்டினான், முடிச்சைத் தளர்வாகப் போட்டான். தலையை நேராக்க இரண்டு கைகளையும் காதோரம் வைத்தான். அந்தப் பிடி அவருக்குத் தெரிந்தது. படியடியில் பிடித்திருந்த அதே பிடி. முதல் திங்கள்தோறும் இந்தக் கைகளுக்குத் தலையைக் கொடுத்தவர் இவர், எப்படித் தெரியாமல் போயிற்றோ!

பின்மண்டையில் இரண்டு விரல் பட்டது. குனிய வேண்டும்.

அவரால் முடியவில்லை. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. விரல்கள் அழுத்தவில்லை, எடுக்கவும் இல்லை, அங்கேயே காத்திருந்தன.

"பாதி முகத்தை விட்டுட்டு வரலாம்னு எனக்கு அன்னிக்குத் தெரியல" என்றார் மாஸ்டர், வழக்கம்போலக் கண்ணாடியைப் பார்த்து. "தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன். அவ முகத்தைப் பார்த்திருப்பேன்."

விரல்கள் விலகின. மச்சினன் சுற்றி வந்து அவர் முன்னால் நின்றான். இப்போது கண்ணாடி தெரியவில்லை, அவன்தான் தெரிந்தான். கண் சிவந்திருந்தது.

"எனக்கும் தெரியாது மாமா" என்றான். "பாதித் தெரு தாண்டின பிறகுதான் கையில கத்தி இருக்கறதே தெரிஞ்சுது."

ஒன்பது வருடம் கழித்து 'மாமா' என்ற சொல் அவர் காதில் விழுந்தது. ஏன் ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை என்று கேட்டார். நாலைந்து தடவை கதவு வரைக்கும் வந்ததாகவும், தட்டக் கை வராமல் திரும்பியதாகவும் அவன் சொன்னான். எதிர்வீட்டுக்காரர் சாவியை ஒருநாளும் மறக்கவில்லை என்பது அப்போதுதான் மாஸ்டருக்குப் புரிந்தது.

அவன் மறுபடி பின்னால் போனான். ஒரு கை நெற்றியில், ஒரு கை பிடரியில்.

"குனிங்க. நான் பிடிச்சிருக்கேன்."

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். பிடரி இழுத்தது, முறுக்கியது, எங்கோ சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. தலை கழன்று விழவில்லை. மோவாய் துணியைத் தொட்டது. கண்ணைத் திறந்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு தன் பாதங்களைப் பார்த்தார்.

ஒரு காலில் கறுப்பு ஷூ, மறு காலில் பழுப்பு ஷூ. ஒரே கடையில், ஒரே அளவில் வாங்கிய இரண்டு ஜோடிகள், காலுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இப்படியே மருந்துக் கடைக்குப் போயிருக்கிறார், ஆஸ்பத்திரிச் சாலை வரைக்கும் நடந்திருக்கிறார். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது.

"ரெண்டு வாரமா இப்படித்தான் போறீங்க" என்றான் மச்சினன் பின்னாலிருந்து. கத்திரி ஓட ஆரம்பித்திருந்தது. "வாசல்ல நின்னு பார்த்திட்டுத்தான் இருந்தேன்."

"பார்த்தவன் சொல்றதுக்கென்னடா?"

கத்திரி நின்றது.

"சொன்னேன் மாமா" என்றான். "தினமும் உங்க கண்ணாடிகிட்ட சொன்னேன்."